போதை தரும் மருந்துகளும் சட்டமும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் குரங்கணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமும் கல்வியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆனால் மருந்துக்கடையின் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசப்போகிறோம். போடி, தேனி, கம்பம் ஆகிய ஊர்களின் மருந்துக்கடைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கின்றனர். சிலர் படித்துப் பதிவு பெற்ற மருந்தாளுநர்கள்; பலர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்கள். இவ்விரு சாராரின் கைகளிலும் அன்றாடம் புழங்கும் பொருள்களில் சில, நோயாளியின் வேதனையைத் தீர்க்கும் அருமருந்தாகவும், தவறான கைக்குப் போனால் ஒரு குடும்பத்தையே அழிக்கும் நஞ்சாகவும் இருக்கின்றன. அவற்றைக் கையாளும் சட்டவிதிகளை அறிந்துகொள்வது நம் இளைஞர்க்கு இன்றியமையாதது.

மருத்துவம் நம் மக்களுக்குப் புதிய துறை அன்று. பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகளும், பச்சிலை அறிந்த வைத்தியர்களும் நம் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தனர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) ஒரு சித்த மருத்துவர். மருந்தும் எழுத்தும் ஒரே கையில் சேர்ந்திருந்த பெரியவர் அவர். மூலிகை அறிவு நம்மிடம் இருந்தது. ஆனால் உரிமமும் முத்திரையும் பதிவேடும் வேறு கைகளில் இருந்தன. இன்று மருந்துத் தொழில் முழுவதும் பதிவேட்டின்மீதே நிற்கிறது. ஆகவே அந்தப் பதிவேட்டைப் படிக்கவும் எழுதவும் நாம் கற்றாக வேண்டும்.

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்று முதலில் பார்ப்போம். வெள்ளையர் ஆட்சியில் 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபின் சட்டங்கள், பயிரையும் விற்பனையையும் அரசின் பிடியில் வைத்து வருவாய் ஈட்டும் நோக்கமுடையவை. மக்களின் நலம் அச்சட்டங்களில் பின்னால்தான் நின்றது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார்கள், பகல் முழுவதும் அழாமல் உறங்கட்டும் என்று கைக்குழந்தைகளுக்கு அபின் உருண்டை கொடுத்துச் சென்ற கொடுமை 1920ஆம் ஆண்டுகளில் பதிவாகியுள்ளது. அத்தாய்மார்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கூலியை விடவும் வழியில்லை. உழைப்பவர் வாழ்வில் போதைப்பொருள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். களிப்புக்காக நுழைவதைவிடக் களைப்புக்காகவே அது மிகுதியாக நுழைகிறது. ஏலத்தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிந்தவர்களும், நாள்தோறும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி இறங்குபவர்களும் இதை நன்கு அறிவர்.

1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டமும், 1940இல் மருந்துச் சட்டமும், 1948இல் மருந்தாளுநர் தொழிற் சட்டமும் வந்தன. பின்னர் டாக்டர் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராக இருந்து உருவாக்கிய அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, மக்களின் உடல்நலத்தைப் பேணுவதை அரசின் முதற்கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. உடல்நலத்துக்குக் கேடு செய்யும் மதுவையும் போதைப்பொருள்களையும் விலக்க அரசு முயல வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால் அவ்வாறு கூறும்போதே ‘மருத்துவப் பயன் நீங்கலாக’ என்ற பொருளில் ஒரு விலக்கையும் சேர்த்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போதைப்பொருள், உளவெறிப் பொருள் சட்டத்தின் 8ஆம் பிரிவும் இதே அமைப்புடையது. மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விதிப்படி பயன்படுத்துவதைத் தவிர மற்ற அனைத்தையும் அது தடைசெய்கிறது.

‘நீங்கலாக’, ‘தவிர’ என்னும் இச்சிறு சொற்களை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். நோயாளி நுழையும் வாசல் இச்சொற்களில்தான் இருக்கிறது. அவ்வாசலின் திறவுகோல் மருந்தாளுநரிடம் இருக்கிறது. வேண்டாதவனுக்குத் திறந்துவிடுவதும் குற்றம். வேண்டியவனுக்குத் திறக்க மறுப்பதும் குற்றமே. முதற்குற்றத்தைச் சட்டம் தண்டிக்கிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. இரண்டையும் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

முதலில் கடையின் அலமாரியைப் பார்ப்போம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள், மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்கத்தக்க மருந்துகளை மூன்று அட்டவணைகளாகப் பிரித்துள்ளன. முதலாவது எச் அட்டவணை. இதிலுள்ள மருந்துகளின் உறையில் ஆர்எக்ஸ் என்னும் குறி இருக்கும். இவற்றுள் போதைப்பொருள் சட்டத்திற்கும் உட்பட்டவை என்ஆர்எக்ஸ் என்று சிவப்புக் குறி தாங்கி வரும்.

இரண்டாவது எச்-1 அட்டவணை. இது 2014ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிரமடால், கோடீன், அல்பிரசோலம், டையசெபாம் முதலியவையும், காசநோய் மருந்துகள் பலவும், வலிமை மிக்க நுண்ணுயிர்க்கொல்லிகள் சிலவும் இதில் அடங்கும். இவற்றை விற்கும்போது தனிப்பதிவேட்டில் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை எழுதி, அப்பதிவேட்டை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் உளவெறிப் பொருள் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. வலி மாத்திரைதானே என்று அதை எளிதாக எண்ணலாகாது.

மூன்றாவது எக்ஸ் அட்டவணை. மீதைல்ஃபெனிடேட், செகோபார்பிட்டல், 2013இல் சேர்க்கப்பட்ட கெட்டமின் போன்றவை இதில் உள்ளன. இவற்றை விற்கச் சாதாரண உரிமம் போதாது. 20-எஃப் படிவத்தில் தனி உரிமம் பெற வேண்டும். மருத்துவர் சீட்டை இரு படிகளாக எழுத வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இம்மருந்துகளுக்கென்றே ஒதுக்கிய அலமாரியிலோ இழுப்பறையிலோ பூட்டி வைக்க வேண்டும். அந்த அறையில் வேறு எதையும் வைக்கக் கூடாது.

சீட்டைப் படிக்கும் முறைக்கும் விதி உண்டு. சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர் கையொப்பமும் நாளும் இட்டிருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் மொத்த அளவும், உட்கொள்ளும் அளவும் இருக்க வேண்டும். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒருமுறைக்கு மேல் கொடுக்கலாகாது. கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, கொடுத்த நாள் ஆகியவற்றை மருத்துவரின் கையொப்பத்திற்கு மேல் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால் அதே சீட்டு நான்கு கடைகளுக்கு ஏறி இறங்காது. எழுதிய மருந்துக்கு ஈடாக வேறொன்றைத் தாமாகக் கொடுக்கவும் விதி இடந்தரவில்லை. 2020இல் வெளிவந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்திற்குட்பட்ட மருந்துகளையும் தொலைபேசி ஆலோசனையின் வழியே எழுதித் தர முடியாது. ஆகவே கைபேசித் திரையில் ஒரு படத்தைக் காட்டி இத்தகைய மருந்தைக் கேட்பவரிடம், ‘மருத்துவரை நேரில் பார்த்துச் சீட்டு வாங்கி வாருங்கள்’ என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்ல வேண்டும்.

இவ்விதிகளை எல்லாம் பெருந்தொல்லையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் ஒவ்வொரு விதியும் ஒரு கேள்விக்கு விடையளிக்கிறது. இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது? யார் சொல்லி, யாருக்குப் போயிற்று? எத்தனை மீதம்? வரவுக்கும் செலவுக்கும் இருப்புக்கும் கணக்குப் பொருந்தினால், மருந்து ஆய்வாளர் எந்நேரத்தில் வந்தாலும் கடைக்காரர் நிமிர்ந்து நிற்கலாம். பொருந்தாவிட்டால், காணாமற்போன மாத்திரைகள் எங்கோ ஓர் இளைஞனின் நரம்பில் ஏறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

இனி உதவியாளர்களாக உள்ள தம்பி தங்கைகளுக்குச் சில சொற்கள். மருந்தாளுநர் தொழிற் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, மருத்துவரின் சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து கலந்து கொடுக்கலாம். மற்றவர் செய்தால் தண்டனைக்குரிய குற்றம். மருந்து விதிகளும் சீட்டுக்குரிய மருந்தை மருந்தாளுநரின் நேரடிக் கண்காணிப்பில்தான் விற்க வேண்டும் என்கின்றன. ஆனால் நடப்பது என்ன? சான்றிதழ் சுவரில் தொங்கும். அதற்கு உரியவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். பத்தாம் வகுப்போடு நின்ற நம் பிள்ளை மேசையில் நிற்பான். வியாபாரம் நடக்கும்வரை அவன் கெட்டிக்காரப் பையன். வழக்கு வந்தால், ‘எடுத்துக் கொடுத்தவன் அவன்’ என்று விரல் அவனை நோக்கியே நீளும். இலாபம் ஒருவருக்கும் சிறை இன்னொருவருக்கும் ஆகிற இந்த ஏற்பாட்டுக்கு நம் பிள்ளைகள் இரையாகலாகாது.

சிறைத்தண்டனையின் அளவையும் அறிந்துகொள்ளுங்கள். போதைப்பொருள் சட்டம் குற்றத்தை எடையால் அளக்கிறது. டிரமடாலுக்கு 5 கிராம் வரை சிற்றளவு, 250 கிராம் வணிக அளவு. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிற்றளவு, 20 கிலோ வணிக அளவு. சிற்றளவுக்கு ஓராண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரையும், வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டு வரையும் சிறை உண்டு. தூய மருந்தின் எடையை மட்டும் பாராமல் கலவை முழுவதின் எடையையும் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்துள்ளது. வணிக அளவு என்றால் பிணையில் வெளிவருவதும் மிக அரிது. மேலும் 35ஆம் பிரிவின்படி, குற்ற எண்ணம் இருந்ததாக நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரைச் சேரும். ‘அண்ணன் இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடு என்றார், கொடுத்தேன்’ என்பது அங்கே எளிதில் எடுபடாது. பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சுமக்காதீர்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். 50ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனையிடுமாறு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையை அதிகாரி எடுத்துச் சொல்லவும் வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதனையிடலாம். போதைக்கு அடிமையாகிவிட்ட ஒருவர், பயன்படுத்திய குற்றமோ சிற்றளவுக் குற்றமோ சாட்டப்பட்ட நிலையில், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பு பெற்ற மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64-ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் ஒரு பிள்ளை இப்படி ஆகிவிட்டால் ஊருக்கு அஞ்சி மறைக்காதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் நோயாளி, நம் பிள்ளை.

இதுவரை பூட்டைப் பற்றிப் பேசினோம். பூட்டு மிகையாக இறுகினால் என்ன நேரும் என்பதையும் இந்நாடு கண்டிருக்கிறது. அபின் பிசினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் ஆலைகள் உள்ளன. அதிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், புற்றுநோயின் கடும் வலியைத் தணிக்கும் தலையாய மருந்து. ஆனால் 1985ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனைக்கு அஞ்சியும், ஒரே மருந்துக்குப் பல துறைகளிடம் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்ததாலும், மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைப்பதையே கைவிட்டன. 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டில் மருத்துவத்திற்குப் பயன்பட்ட மார்ஃபின் நூற்றுக்கு 97 பங்கு குறைந்துபோயிற்று என்று மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். செல்வர் எப்படியோ வழி கண்டனர். ஏழைகள் குடிசைத் திண்ணையில் கதறியே இறந்தனர்.

இந்த மலையின் மறுபக்கமான கேரளத்திலிருந்துதான் மாற்றம் தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால் முதலியோர் வலி தணிப்பு மருத்துவத்தைத் தொடங்கினர். வாய்வழி மார்ஃபினை நோயாளிகளின் வீட்டுக்கே கொடுத்தனுப்பினால் அது கள்ளச் சந்தைக்குப் போய்விடாதா என்ற ஐயத்திற்கு அவர்கள் கணக்கோடு விடை சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு அவ்வாறு கொடுத்ததில், தவறாகப் பயன்பட்டதாகவோ வேறு கைக்கு மாறியதாகவோ ஒரு நிகழ்ச்சியும் காணப்படவில்லை என்று 2001இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். இதற்குக் காரணம் அவர்கள் வைத்திருந்த ஒழுங்கான பதிவேடும், நோயாளியை நேரில் அறிந்திருந்த கவனமும் ஆகும்.

இத்தகையோரின் நெடுநாள் முயற்சியால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என அறிவிக்கப்பட்டு, 2015இல் நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. வலி தணிப்பில் பயிற்சி பெற்ற மருத்துவரைக் கொண்ட மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்ற ஏற்பைப் பெற்றால் போதும்; பழைய பல உரிமங்கள் வேண்டியதில்லை. சீட்டில் எழுதிய அளவை நோயாளி வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி சரியே.

வலி என்றால் என்ன என்பதை இந்தக் குரங்கணிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று இம்மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்துகொண்டபோது, ஓடிச் சென்று தூக்கி வந்தவர்களில் இவ்வூர் மக்களும் இருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீக்காயத்தின் வேதனை எத்தகையது என்பதை அன்று கண்ணால் கண்டவர்கள் இன்றும் மறக்கவில்லை. கடுந்தீக்காயத்தின் வலியை அடக்க மார்ஃபினும், கட்டு மாற்றும்போது மயக்கம் தரக் கெட்டமினும் மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்துகள். நாம் முன்னே எண்ணிச் சொன்ன பூட்டிய அலமாரியின் மருந்துகள்தாம் இவை. கணக்குத் தவறி ஒரு குப்பி வெளியே போனால், அந்த நேரத்தில் ஒரு நோயாளிக்கு அது இல்லாமற்போகலாம். பூட்டுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு இதுவே.

ஆகவே நம் முடிபுகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, உதவியாளராக இருக்கும் இளைஞர் உதவியாளராகவே நின்றுவிடலாகாது. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்தவர், மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பும், அதன்பின் 500 மணி நேரப் பயிற்சியும் முடித்து, மாநில மருந்தாளுநர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. மேற்கொண்டு பட்டம் பெற நான்காண்டுப் படிப்பும் இருக்கிறது. நம் சங்கம் கல்வி உதவி வழங்குகையில் இப்படிப்பையும் கருத்தில் கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, பதிவு பெற்றவர் தம் சான்றிதழை வாடகைக்கு விடலாகாது. அச்சான்றிதழுக்காகத் தாய் தந்தையர் இம்மலையில் எத்தனை கூடை சுமந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நம் குடியிருப்பில் எவரேனும் தீராத நோயால் வலியில் துடித்தால், ‘விதி’ என்று விட்டுவிடாமல், மாவட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை எங்கே கிடைக்கிறது என்று அரசு மருத்துவமனையில் கேட்க வேண்டும். மருந்து இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேட்க வேண்டும். கேட்பது உரிமை, அதை எழுத்தில் கேட்பதற்குத்தான் படிப்பு.

நான்காவது, நட்புக்காகவும் அச்சத்திற்காகவும் ஓர் அட்டை மாத்திரையைக் கூடச் சீட்டின்றி எடுத்துக் கொடுக்கலாகாது. கேட்பவன் நண்பனாக இருந்தால், மறுப்பதே நட்பு.

பிறர் எழுதிய கணக்கில் கைரேகை வைத்தவர்கள் நம் முன்னோர். இன்று நம் பிள்ளை எழுதும் பதிவேட்டை மருந்து ஆய்வாளர் படித்துப் பார்த்து, சரியென்று கையொப்பமிட்டுச் செல்கிறார். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் கற்பித்த எழுத்துக்கு இதைவிடச் சிறந்த பயன் வேறில்லை. அந்தப் பதிவேட்டில் ஒரு வரியும் பொய்யாகாதிருக்கட்டும். உரிய நோயாளி ஒருவரும் வெறுங்கையோடு திரும்பாதிருக்கட்டும்.